ஓடிப்போனவரைக் கூட்டிவர எண்ணூருக்குப் போனது

நம்ம சபைப் பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வியாகக் கேட்கிறார்கள். எண்ணூர் எப்படி இருந்தது, அங்கே என்னதான் நடந்தது என்று. ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தொண்டை இல்லை. அதனால் எழுதிவிட்டேன். எனக்குப் படிப்பு மூணாம் வகுப்போடு சரி. ஆனால் வேதத்தை முதலிலிருந்து கடைசிவரை நாலு தடவை வாசித்தவள். எழுத்தில் குறை கண்டவர்கள் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும்.

புதுசாக வந்த மருமகள்களுக்காக ஒரு வார்த்தை. எங்க வீட்டு அவிய, அதான் என் புருசன், இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் எண்ணூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போனாங்க. போன ஆள் வரவில்லை. அங்கே பவுனு என்று ஒருத்தியோடு குடித்தனம் என்று ஆறாம் மாசமே சேதி வந்தது. நான் அழவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கஞ்சி போட்ட சேலை கட்டி, கோயிலில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அன்றையிலிருந்து அந்தப் பெஞ்சு என்னுடையது.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் உபதேசியார் ஒரு பிரசங்கம் செய்தார். ஒரு தீர்க்கதரிசி. அவருடைய பெண்டாட்டி அவரை விட்டு விட்டு ஓடுகிறாள். ஆண்டவரோ, நீ திரும்பவும் போய் அவளை நேசி என்கிறார். ஜனங்கள் ஆண்டவரை விட்டு ஓடுவதும், அவர் பின்னாலேயே போய்க் கூட்டிவருவதும் இப்படித்தான் என்று உபதேசியார் விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் சபை முழுவதும் என் முதுகைப் பார்த்தது. நான் திரும்பவில்லை. ஆனால் முதுகுக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதே வாரம் பவுனுவே போன் பண்ணினாள். "யக்கா, எம் பொண்ணு மாசமா கீது. நான் பொன்னேரிக்கு அது வூட்டோட போயிடப் போறேன். அங்க எடம் பத்தாது. பெரியவரு இங்க ஒத்தையா கெடப்பாரு. நீ வந்து இட்டுனு போ."

அக்கா என்று கூப்பிட உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்க வாயெடுத்தேன். வைத்துவிட்டாள்.

நம்ம கோயில் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தால், இன்னார், இன்ன காரணத்துக்காக என்று ஆராதனையில் சத்தமாக வாசிப்பார்கள். நான், ஊரே கூடிச் சாப்பிடுகிற அசன ஞாயிற்றுக்கிழமை வாசிக்கும்படி முன்கூட்டியே காணிக்கை கட்டி, "காணாமற்போன கணவர் வீடு திரும்பியதற்காக" என்று எழுதச் சொன்னேன்.

"அண்ணாச்சி வந்து சேர்ந்தபிறகு எழுதலாமே, அம்மா" என்றார் உபதேசியார்.

"உமக்கு விசுவாசம் இல்லையா?" என்று கேட்டேன். எழுதிக்கொண்டார்.

ஆக, சனிக்கிழமை சாயங்காலம் எழும்பூரில் அவியளை ரயில் ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் அசனத்துக்கு வந்த அத்தனை ஊர்க்காரர் முன்னாலும் கணவர் திரும்பி வந்தார் என்று வாசிப்பார்கள், முதல் பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன்.

வியாழக்கிழமை காலையில் திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தேன். என் சித்தி பேரன் ஆசீர் அங்கே மளிகைக்கடை வைத்திருக்கிறான். கடைக்கு மேலேயே வீடு. மாடியில் நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் லாரி. எங்கள் ஊரில் கடல் பேசும், நாம் கேட்போம். அங்கே லாரி பேசுகிறது, கடல் கேட்கிறது.

காலைச் சாப்பாட்டுக்கு ஆசீர் இட்லியும் வடகறியும் வாங்கி வந்தான். வடையைச் சுட்டு, அதைப் பிய்த்துப் போட்டுக் குழம்பு வைக்கிறார்கள். நல்ல வடையை எதற்கு இப்படிச் சித்திரவதை பண்ண வேண்டும் என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே ஆறு இட்லி போய்விட்டது.

கீழே குழாயடியில் ரெண்டு பெண்கள் சண்டை. மெட்ராஸ் பாஷை எனக்குப் பாதிதான் விளங்கும். ஆசீரின் பெண்டாட்டி பக்கத்தில் நின்று நம்ம பாஷையில் சொன்னாள். ஒருத்தி, "உன் குடத்தை நீ எடுக்காவிட்டால் நானே எடுத்துக் கடலில் விடுவேன்" என்கிறாளாம். மற்றவள், "விடு, உன் வீட்டுக்காரன் வலையில்தான் வந்து மாட்டும்" என்கிறாளாம். கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் ரெண்டு பேரும் ஒருத்தி தலையில் ஒருத்தி பேன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு சண்டைக்கு மூணு தலைமுறை பேசாமல் இருப்போம். இவர்களுக்குச் சண்டையின் அருமை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை எண்ணூருக்கு ஷேர் ஆட்டோ. அஞ்சு பேர் உட்கார வேண்டியதில் ஒன்பது பேர். "ஆயா, கொஞ்சம் நவுந்து குந்து" என்றான் டிரைவர். நகர்ந்தால் ரோட்டில்தான் விழ வேண்டும். என் பக்கத்தில் மீன் கூடை வைத்திருந்த ஒரு பெண். மடி என்னுடையது, கூடை அவளுடையது. வழி நெடுக கன்டெய்னர் லாரி வரிசை. ஒவ்வொன்றும் நம்ம கோயில் வெஸ்டரி அறை அளவு பெட்டியை முதுகில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குக் காத்துக் கிடக்கிறது. டிரைவர்கள் அடியிலேயே பாய் விரித்துத் தூங்குகிறார்கள், சமைக்கிறார்கள், துவைத்துக் காயப்போடுகிறார்கள்.

"யாரைப் பாக்கப் போற ஆயா?" என்றாள் மீன் கூடைக்காரி.

"எங்க வீட்டுக்காரவியளை."

"அவரு அங்க இன்னா பண்றாரு?"

"இன்னொருத்தி கூட இருக்காவ."

"எத்தினி நாளா?"

"இருபத்தாறு வருஷம்."

 டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அப்போ அவசரம் இல்லைல ஆயா? நா மெதுவாவே போறேன்" என்றான். ஒன்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், என்ன செய்ய.

காத்திவாக்கம் பக்கம் குப்பத்தில் வீட்டைக் கண்டுபிடித்தேன். பவுனுவைப் பற்றி இருபத்தாறு வருஷமாக என் மனசில் ஒரு படம் இருந்தது. சிவந்த நிறம், நீண்ட சடை, கண்ணில் மை. கதவுக்கு முன்னால் நின்றவள் என் தோள் உயரம், முன்பல் ஒன்று இல்லை, இடுப்பு வரை சேறு. முகத்துவாரத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடித்துவிட்டு வந்திருக்கிறாள். பிடித்ததைப் போடும் ஓலைப்பையைப் பல்லால் கடித்துக்கொண்டே, வா என்று தலையை ஆட்டினாள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு அழகியிடம் தோற்றால் அதில் ஒரு மரியாதை இருக்கிறது.

"அவிய எங்க?"

பவுனு பையை வாயிலிருந்து எடுத்தாள். "நீ தெருமொனைல வர்றப்பவே பாத்துட்டாரு. பின்பக்கமா பூட்டாரு. டீக்கடைல குந்திகினு இருப்பாரு. பசிச்சா வருவாரு."

எழுபத்து மூணு வயது. சர்க்கரை வியாதி. பின்வாசல் வழியாக ஓட்டம்!

அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று தீர்மானம் பண்ணித்தான் போயிருந்தேன். ஆனால் அவள் அந்த இறாலை உரித்து, கத்திரிக்காய் போட்டு ஒரு தொக்கு வைத்தாள் பாருங்கள். வாசனை என் தீர்மானத்தைக் கேட்கவில்லை. முதலில் ஒரு வாய். பிறகு ஒரு தட்டு. பிறகு இன்னொரு தட்டு. நம்ம ஊர் இறால் குழம்பில் தேங்காய் அதிகம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சாப்பிட்டு முடித்ததும் எனக்குச் சண்டைக்குத் தெம்பு வந்தது. "என் புருசனை எடுத்துக்கிட்டேல்ல, நல்லா வச்சிருந்தியா?" என்றேன்.

"நான் எங்க எடுத்துக்கினேன்? அவுரே வந்தாரு. என் வூட்லருந்தும்தான் ஓடினாரு" என்றாள் பவுனு. "மணலி புதுநகர்ல இட்லிக்கடை வச்சிகினு இருந்தா ஒருத்தி. எட்டு மாசம் அங்க இருந்தாரு."

எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. யாருக்காக வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. "உன்னையுமா? அடப்பாவி மனுஷா!" என்றேன். "பிறகு?"

"வந்தாரு. வாசல்ல நின்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"காலைக் கழுவினு வா, சோறு ஆறுதுன்னேன்."

"அவ்வளவுதானா? மன்னிப்புக் கேட்கச் சொல்லலையா?"

"இன்னாத்துக்கு? தப்புன்னு தெரிஞ்சுதானே வாசல்ல நிக்கிறாரு."

"பிறகு ஒழுங்கா இருந்தாவளா?"

"எங்க? இன்னொரு தபாவும் ஓடினாரு."

"அப்ப என்ன செஞ்சே?"

"அப்பவும் சோறுதான்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கோயிலுக்கே போகாதவள். சாமி படத்துக்குச் செம்பருத்தி வைத்திருக்கிறாள். இவளுக்கு யார் இந்தப் பிரசங்கத்தைச் சொன்னது என்று எனக்கு உறுத்தியது. உறுத்தலைத் தள்ளி வைத்தேன். எனக்கு வேலை இருந்தது.

நாலு மணிக்குப் பசி கூட்டி வந்துவிட்டது. அவிய வாசலில் நின்றாங்க. முடி முழுக்கப் போய், சட்டை தோளில் தொங்கியது. நான் இருபத்தாறு வருஷமாக மனப்பாடம் செய்து வைத்த வார்த்தையைச் சொன்னேன். "நான் உங்களை மன்னிச்சிட்டேன்."

"ஏட்டி, அதை ஏன் இவ்வளவு சத்தமாச் சொல்லுதே?" என்றாங்க.

உண்மைதான். எதிர்வீட்டில் மூணு பேர் வெளியே வந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அசனம், காணிக்கை வாசிப்பு, முதல் பெஞ்சு, எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். பேர் வாசிக்கும்போது ரெண்டு பேரும் எழும்பி நிற்க வேண்டும் என்றேன்.

அவிய வாசற்படியிலேயே உட்கார்ந்தாங்க. "நான் பாவிதான். இல்லேன்னு சொல்லலை. ஒரு தடவை எழும்பி நிக்கச் சொன்னா நிப்பேன். ஆனா நீ என்னை ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நிக்க வைப்பே. வாராவாரம் புதுசாப் பாவியாக என் வயசுக்கு முடியாது."

"அப்ப இங்கன ஒத்தையாக் கிடந்து சாவியளா?"

 உள்ளேயிருந்து பவுனு, "அவரு வருவாரு, நீ நாளைக்கு வா" என்றாள்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஒரு ஆட்டோவைத் தனியாகப் பேசிக்கொண்டு போனேன். பவுனு ஒரு துணிப்பையில் ரெண்டு வேட்டி, மாத்திரை, ஒரு பொட்டலம் கருவாடு எல்லாம் கட்டி வைத்திருந்தாள். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று எனக்கு ஒப்பித்தாள். "ராவுல கால் இசுக்கும். கட்டை வெரலைப் புடிச்சி மேல மடக்கி வுடு."

"எனக்குத் தெரியாதா? என் புருசன்" என்றேன்.

"உனுக்குத் தெரிஞ்சது அப்ப இருந்த ஆளு யக்கா. இவரு வேற ஆளு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. ஆட்டோ கிளம்பியபோது திரும்பிப் பார்த்தேன். அவள் தெருவில் நிற்கவில்லை. உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் போனபோதே தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த அதே பாத்திரம்தான், நான் பார்த்திருந்தேன்.

கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். லாரிகள் ரோட்டை அடைத்துவிட்டன. முன்னால் லாரி, பின்னால் லாரி, எதிர்ப்பக்கமும் நகரவில்லை. அரைமணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று.  நான்தான் பேசினேன். கோயிலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், யார் யாரிடம் முதலில் பேச வேண்டும், என்ன சட்டை போட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்" என்று இறங்கினாங்க. பையையும் எடுத்துக்கொண்டாங்க.

பத்து நிமிஷம். இருபது நிமிஷம். ஆட்டோ டிரைவர் திரும்பி, "ஆயா, ஒண்ணுக்குப் போறதுக்குப் பை எதுக்கு?" என்றான்.

எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் நான் இறங்கவில்லை. என் கௌரவம் இறங்க விடவில்லை. முதலில் வந்த யோசனையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்லதாப் போச்சு என்று நினைத்தேன். தேடிப் போனேன், மன்னித்தேன், கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன், உதறிவிட்டு ஓடினார் என்று சாட்சி சொன்னால், அவிய வந்து நிற்பதைவிட எனக்கு அது பெரிய பேர். சபையில் ஒரு கண் காயாது.

அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அப்படியானால் நான் யாரைத் தேடி இங்கே வந்தேன்? பிரசங்கத்தைக் கேட்ட நாளிலிருந்து அந்தக் கதையில் நான்தான் தீர்க்கதரிசி என்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இருபத்தாறு வருஷமாக நான் கோயிலுக்கு ஆண்டவரைப் பார்க்கவா போனேன்? என்னைப் பார்க்கட்டும் என்று போனேன். ஆண்டவர் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, அவரை விட்டு ஊர்க்கண்ணோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அவிய மூணு தடவை ஓடினாங்க என்றால் நான் ஞாயிறு தவறாமல் ஓடியிருக்கிறேன். அவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் எனக்கு ஒரு வேளைச் சோறு குறைக்கவில்லை. முதல் பெஞ்சை விட்டு எழுப்பி யார் முன்னாலும் நிற்க வைக்கவும் இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

வெயில். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் ஓர் ஆள்தான் நுழையலாம். அடியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த டிரைவரிடம், "வயசானவிய ஒருத்தர் கையில பையோட இந்தப் பக்கம் வந்தாவளா? எங்க வீட்டு ஆளு" என்று கேட்டேன்.

"பேர் இன்னா?"

இங்கேதான் சிக்கல். புருஷன் பேரை நான் வாயால் சொன்னதே இல்லை. நம்ம பக்கத்துப் பெண்கள் யார் சொல்லியிருக்கிறோம்? ரேஷன் கடையில்கூடப் பேத்தியை விட்டுத்தான் சொல்ல வைப்பேன். அதனால் கழுத்துச் சங்கிலியைத் தூக்கிக் காட்டினேன். "இது என்ன உலோகம்? அதோட ஒரு ஐயா."

அந்த ஆள் என் கழுத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், கத்தியை அப்படியே போட்டுவிட்டு எழும்பினான். "செயினா? பெர்சு உன் செயினை அத்துகினு ஓடிட்டானா?"

"ஐயோ, இல்லை—"

"டேய்! ஆயா செயினை ஒருத்தன் இஸ்தான்டா! பெர்சு, கைல பை!"

லாரி லாரியாக ஆட்கள் குதித்தார்கள். தமிழ், தெலுங்கு, இந்தி, எல்லாப் பாஷையிலும் திருடன் திருடன் என்று சத்தம். சங்கிலி கழுத்தில்தான் இருக்கிறது என்று காட்டுகிறேன். யாருக்கும் என் கழுத்தைப் பார்க்க நேரம் இல்லை. எதிர்ப்பக்கம் எண்ணூர் போகிற பஸ் ஒன்று மாட்டி நின்றது. அதன் ஜன்னலில் ஒரு வழுக்கைத் தலை. மடியில் பை. எங்கள் ஆட்டோவிலிருந்து நாற்பது அடி இருக்கும். அந்த மனுஷர் திரும்பி ஓடத்தான் பஸ் ஏறியிருக்கிறார். ஆனால் பஸ்ஸும் நகரவில்லை.

"இவன்தான்! பை கீது பாரு!" என்று ஒருத்தன் ஏறிச் சட்டையைப் பிடித்தான். இன்னொருத்தன் கையை ஓங்கினான்.

"தங்கையா!" என்று கத்தினேன். "தங்கையா! அடிக்காதீங்கப்பா, அது எங்க தங்கையா!"

கல்யாணமான ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவிய பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த ரோடு முழுவதும் கேட்டிருக்கும். ஓங்கின கை அப்படியே நின்றது. பிடித்தவன் சட்டைக் காலரைத் தடவிச் சரிசெய்துவிட்டு, "சாரி பெர்சு, ஆயா சரியா சொல்லல" என்று இறங்கினான்.

அவிய என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு எழுத்து பத்தாது. இந்த நெரிசலில் ரயிலை அநேகமாக இனிப் பிடிக்க முடியாது. நாளைக்கு உபதேசியார் கணீரென்று வாசிப்பார், முதல் பெஞ்சு காலியாக இருக்கும், ஊரே திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும். நான் பஸ்ஸில் ஏறி அவிய பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். பையிலிருந்து கருவாடு மணத்தது.  வாயில் நின்ற எத்தனையோ வார்த்தைகளை விழுங்கினேன். எனக்கு அது பழக்கமில்லை, தொண்டை வலித்தது.

கண்டக்டர் வந்தார். "ஆயாவுக்கு ஃப்ரீ. ஆயா, எங்க எறங்கணும்?"

"அவிய எங்க எறங்குதாவளோ அங்கன" என்றேன்.

"பெர்சு, உனுக்கு எங்க?"

அவிய ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாங்க. கண்டக்டர் சில்லறைப் பையைக் குலுக்கினார். பிறகு அவிய திரும்பாமலே சொன்னாங்க: "எழும்பூர்."

"யோவ், இன்னா வெளாடுறியா? வண்டி எண்ணூருக்குப் போவுது!"

"தெரியும்" என்று எங்க வீட்டு அவிய பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாங்க. "எறங்குட்டி, நடப்போம்."